மோனை தெரிந்தவர்களுக்கு டோல்கீனின் பேயோவுல்ஃப் உரை: படிக்கத் தொடங்குவது எப்படி?

1936 நவம்பர் 25 அன்று லண்டனில், பிரிட்டிஷ் அகாடமியில், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஓர் உரை நிகழ்த்தினார். 'பேயோவுல்ஃப்: அரக்கர்களும் விமர்சகர்களும்' என்பது அதன் தலைப்பு. அவருடைய முதல் நாவலான 'தி ஹாபிட்' வெளிவர இன்னும் 10 மாதம் இருந்தது. நாவலாசிரியராக யாருக்கும் தெரியாத அவர், அன்று 'பேயோவுல்ஃப்' என்ற ஒரு பழைய ஆங்கிலக் கவிதைக்காக வாதாடினார். அந்த வாதம் பேயோவுல்ஃப் ஆய்வின் போக்கையே மாற்றியது.

நான் இந்த உரையைக் கவிதைக்கு முன்பே படித்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு வரிசையை மாற்றிப் படித்தபோதுதான் வழி திறந்தது. அந்த வரிசையை இங்கே தருகிறேன். பழைய ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டாம். மோனை என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

படி 1: கதையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தக் கவிதைக்கு 3182 அடிகள். எழுதியவர் பெயர் தெரியாது. சுமார் 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. 1731-இல் நடந்த தீ விபத்தில் அதன் ஓரங்கள் கருகின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கதை நடப்பது இங்கிலாந்தில் அல்ல, ஸ்காண்டிநேவியாவில். டென்மார்க் அரசன் ஹ்ரோத்காரின் மண்டபத்துக்குள் இரவில் புகுந்து ஆட்களைத் தின்கிறான் கிரெண்டல் என்ற அரக்கன். கீட் இனத்து இளைஞன் பேயோவுல்ஃப் கடல் கடந்து வந்து அவனைக் கொல்கிறான். பழிவாங்க வந்த கிரெண்டலின் தாயையும் ஏரிக்கடியில் போய்க் கொல்கிறான். அப்புறம் ஊர் திரும்பி, அரசனாகி, 50 ஆண்டுகள் ஆள்கிறான். முதுமையில் ஒரு டிராகன் கிளம்புகிறது. அதன் புதையலிலிருந்து யாரோ ஒரு கிண்ணத்தைத் திருடிவிட்டதுதான் காரணம். டிராகன் சாகிறது, பேயோவுல்ஃபும் சாகிறான்.

படி 2: ஒரு மொழிபெயர்ப்பை முழுதாகப் படியுங்கள்

தொடங்குகிறவர்களுக்கு 1999-இல் வந்த ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் செய்யுள் மொழிபெயர்ப்பைத்தான் சொல்வேன். டோல்கீனே 1926-இல் முடித்து வைத்திருந்த உரைநடை மொழிபெயர்ப்பு 2014-இல்தான் அச்சானது. அது சற்றுக் கடினம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே வரும் கிளைக்கதைகளில் சிக்கி நிற்காதீர்கள். பெயர்கள் குழம்பினால் குழம்பட்டும்.

படி 3: காதால் படியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். தமிழ் யாப்பு அறிந்தவர்களுக்கோ இது வீட்டு வாசல் மாதிரி. டோல்கீன் வகுப்பில் இந்தக் கவிதையைக் கணீரென்று ஓதுவார். அந்த அனுபவத்தைக் கவிஞர் ஆடன் பல ஆண்டுகள் கழித்தும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஓர் அடியில் இரண்டு பாதிகள், நடுவில் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு அழுத்தங்கள், ஆக மொத்தம் நான்கு. நம் அளவடியின் நான்கு சீர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டுவது மோனை. இறுதி இயைபெல்லாம் கிடையாது.

விதி இது: மூன்றாவது அழுத்தம்தான் தலைமை. அதன் முதல் ஒலி, முதலாவதிலோ இரண்டாவதிலோ இரண்டிலுமோ வர வேண்டும். நான்காவதில் வரக் கூடாது. நம் கணக்கில் சொன்னால், பொழிப்பு மோனை (1, 3) செல்லும், கூழை மோனை (1, 2, 3) செல்லும். இணை மோனை (1, 2) செல்லாது, ஏனென்றால் அது முதல் பாதிக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. நாம் கொண்டாடும் முற்று மோனையும் (1, 2, 3, 4) அங்கே பிழை.

கவிதையின் இரண்டாவது அடியை, கூடுமானவரை ஒலிப்படி எழுதுகிறேன்:

தேயோத்-குனிங்கா / த்ரும் யெ-ஃப்ரூனோன்

அழுத்தங்கள்: தேயோத், குனிங், த்ரும், ஃப்ரூ. முதலாவதும் மூன்றாவதும் 'த'. சரி, பொழிப்பு மோனை. பொருள்: குடித்தலைவர்களின் புகழை நாம் கேட்டிருக்கிறோம்.

நான்காவது அடி:

ஒஃப்ட் ஷுல்ட் ஷேவிங் / ஷெயாதெனா த்ரேயாட்டும்

ஷுல்ட், ஷேவிங், ஷெயா என மூன்றும் 'ஷ'. கூழை மோனை. ஷுல்ட் ஷேவிங் என்பது டென்மார்க் அரச குலத்தின் மூதாதை ஒருவனின் பெயர்.

இடையில் உள்ள மூன்றாவது அடி நம்மைக் குழப்பும்:

ஹூ தா அதெலிங்காஸ் / எல்லென் ஃப்ரெமெதோன்

'அதெ' என்பதும் 'எல்' என்பதும் எப்படி மோனையாகும்? தமிழில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குழு. இ, ஈ, எ, ஏ இன்னொரு குழு. அகரமும் எகரமும் சேராது. பழைய ஆங்கிலத்தில் எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் போதும், மீதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இணையத்தில் யாராவது மூல மொழியில் ஓதியிருக்கும் பதிவைப் போட்டு முதல் 11 அடிகளைக் கேளுங்கள். பொருள் வேண்டாம். நான்கு அழுத்தங்களை விரலால் தட்டுங்கள்.

படி 4: இப்போது உரைக்கு வாருங்கள், முதலில் கோபுரக் கதைக்கு

உரையின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் உருவகக் கதை வரும். ஒருவனுக்குப் பரம்பரை நிலம் கிடைக்கிறது. அதில் ஏதோ பழைய மண்டபத்தின் கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்து அவன் ஒரு கோபுரம் கட்டுகிறான். நண்பர்கள் வருகிறார்கள். கோபுரத்தில் ஏறிப் பார்க்காமலேயே, 'இவை பழைய கற்கள் ஆயிற்றே' என்று கண்டுபிடித்து, செதுக்கல்களையும் எழுத்துகளையும் தேடி அதை இடித்துத் தள்ளுகிறார்கள். இடித்த பிறகு, 'என்ன அலங்கோலம்!' என்கிறார்கள். அவனுடைய சந்ததியாரோ, பழைய வீட்டைப் புதுப்பிக்காமல் எதற்கு இந்தக் கோபுரம் என்று முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் கடல் தெரிந்தது.

இதை இரண்டு முறை படியுங்கள். கோபுரம்தான் கவிதை. நண்பர்கள் அறிஞர்கள். அவர்கள் தோண்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேயோவுல்ஃபின் அரசன் ஹ்யூகெலாக் உண்மையாகவே 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபிரிசியா மீது படையெடுத்தவன். தூர் நகரத்து ஆயர் கிரெகோரி எழுதிய வரலாற்றில் அவன் இருக்கிறான். இப்படி ஒரு நூல் கையில் கிடைத்தால் வரலாற்றாசிரியர்கள் விடுவார்களா? டோல்கீனின் ஆற்றாமை, அவர்கள் தோண்டியதில் அல்ல, ஏறிப் பார்க்காததில்.

படி 5: எதிர்த்தரப்பை அடையாளம் காணுங்கள்

டபிள்யூ. பி. கெர் என்ற பேரறிஞர், இந்தக் கவிதை அற்ப விஷயங்களை நடுவிலும் கனமான விஷயங்களை ஓரத்திலும் வைத்துவிட்டது என்று குறைபட்டிருந்தார். அற்பம் என்றது அரக்கர்களை. டோல்கீன் அவரை மரியாதையோடுதான் மறுக்கிறார். பக்கத்து நாட்டு அரசனோடு போர் என்றால் அது ஒரு காலத்துக் கதை. இருளோடும் டிராகனோடும் போர் என்றால் அது எல்லா மனிதர்களின் கதை, முடிவில் எல்லாரும் தோற்கும் கதை. வடபுலத்துப் பழங்கதைகளில் தெய்வங்களே அரக்கர்களிடம் தோற்கின்றன. தோற்றதால் அவர்கள் நின்ற பக்கம் தவறாகிவிடாது. உரையின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பென்சில் எடுத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: அடியையும் காவியத்தையும் ஒட்டிப் பாருங்கள்

படி 3-இல் விரலால் தட்டியது இங்கே உதவும். கவிதைக்கு ஒழுங்கான கதையோட்டமே இல்லை என்றவர்களுக்கு டோல்கீன் சொன்ன பதில்: ஒவ்வொரு அடியும் இரண்டு பாதிகளின் சமநிலை, முழுக்காவியமும் அப்படித்தான். 2199 அடி வரை இளமை, 2200 முதல் முதுமை. தொடக்கமும் முடிவும் எதிரெதிரே நிற்கின்றன. இந்த யாப்பு இசையைவிடக் கல்கட்டுமானத்தை ஒத்தது என்கிறார். கோபுரத்தின் கற்கள் நினைவுக்கு வருகின்றனவா? எனக்கு இந்த இடத்தில்தான் உடல் சிலிர்த்தது.

படி 7: அவரோடு வாதிடுங்கள்

இரண்டு பாதி என்கிறாரே, சண்டைகள் மூன்று அல்லவா? கிரெண்டலின் தாய்க்கு உரையில் அநேகமாக இடமே இல்லை. பேயோவுல்ஃப் ஊர் திரும்பி நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லும் பகுதி ஒரு பலவீனம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பகுதியைத் திரும்பப் படித்து, உங்கள் கருத்தை நான்கு வரி எழுதி வையுங்கள்.

படி 8: நாவல்களைக் கடைசியில் தொடுங்கள்

'தி ஹாபிட்'டில் அதன் நாயகன் பில்போ டிராகனின் புதையலிலிருந்து ஒரு கிண்ணத்தைத் திருடுவது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு பயிற்சி மட்டும் பாக்கி. 112-ஆம் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெண்டலின் உறவுக் கூட்டத்தைச் சொல்லும் அடி அது: பூதங்கள், எல்ஃபுகள் என்ற மாய இனத்தார், அப்புறம் வேறெங்கும் காணக் கிடைக்காத ஒரு சொல்லால் குறிக்கப்படும் தீய உருக்கள்.

எயோட்டெனாஸ் ஒன்ட் உல்வெ / ஒன்ட் ஒர்க்நேயாஸ்

மூன்றாவது அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். அது என்ன ஒலியில் தொடங்குகிறது, முதல் இரண்டோடு சேருகிறதா, பொழிப்பா கூழையா என்று பாருங்கள். அந்த மூன்றாவது சொல்லின் முதல் அசையை மட்டும் பிரித்து எடுத்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டோல்கீனின் நாவல்களில் வரும் அரக்கப் படையின் பெயர் காதில் விழும்: ஒர்க்.