இங்க்ஜெட் காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசோதிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

இங்க்ஜெட் பிரிண்டர் தொடர்பான காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது நான் படங்களைத்தான் முதலில் புரட்டினேன். குறுக்குவெட்டுத் தோற்றங்கள், அம்புக்குறிகள், எண்கள். எல்லாமே புதிதாகத் தெரிந்தன. பல நாள் தேடிய பிறகுதான் ஒன்று புலப்பட்டது: படத்தில் நான் வியந்த எதுவும் உரிமைக்கோரலில், அதாவது எதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் பகுதியில், இல்லை. விண்ணப்பதாரர் வரைந்து காட்டியது ஒன்று, சட்டப்படி கேட்டது வேறொன்று. அத்தனை நாள் உழைப்பும் வீண். அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காப்புரிமை முகவர் தேர்வுக்குப் படிப்பவர்கள், பரிசோதகர் பணிக்கு முயல்பவர்கள், தங்கள் கண்டுபிடிப்பு பரிசோதகர் மேசையில் என்ன பாடுபடும் என்று அறிய விரும்பும் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சட்டம், இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். தென்மாநில விண்ணப்பதாரர்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

படி 1: துளி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள். இயற்பியல் தெரியாமல் கோரலைப் படித்தால், இயல்பாகவே நடக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடுவோம்.

முக்கியமான வழிகள் மூன்று. முதலாவது, தொடர் பீச்சு முறை. மை ஓயாமல் பீச்சி அடிக்கும்; அது துளிகளாக உடையும்போது மின்னூட்டம் பெற்று, மின்புலத்தில் விலகிப் போய்த் தாளில் விழும். வேண்டாத துளிகளை ஒரு வடிகால் பிடித்து மீண்டும் தொட்டிக்கு அனுப்பும். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் 1960களில் செய்த வேலை இது. அவருடைய அமெரிக்கக் காப்புரிமை 3,596,275 கிடைத்தது 1971இல். பாட்டில்களிலும் பொட்டலங்களிலும் புள்ளிப் புள்ளியாகத் தேதி அச்சாகியிருக்கிறதே, அதில் பெரும்பாலும் இந்த முறைதான்.

இரண்டாவது, வெப்ப முறை. மை வெளியேறும் நுண்துளையான நாசிலுக்குப் பின்னால் உள்ள நுண்ணிய சூடேற்றி, சில மைக்ரோ வினாடிகளில் மையின் மெல்லிய படலத்தை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோகிறது. ஆவிக்குமிழி வெடித்துப் பெருகி, முன்னால் இருக்கும் மையைத் துளியாகத் தள்ளுகிறது. மூன்றாவது, பீசோ முறை. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான், மை அறையின் சுவரை அழுத்துகிறது. வெப்பம் தேவையில்லை.

துளி எவ்வளவு சிறியது? ஒரு பிக்கோலிட்டர் துளியின் விட்டம் ஏறக்குறைய 12 மைக்ரோமீட்டர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இவ்வளவு சிறிய துளிக்கு எத்தனை தொல்லைகள்! நாசில் வாயில் மை காய்ந்துபோகும். அறைக்குள் காற்றுக்குமிழி புகுந்தால் பீசோவின் அழுத்தம் அதிலேயே வீணாகும். பக்கத்து அறையின் அதிர்வு இங்கே வந்து சேரும். துளிக்குப் பின்னால் வால் நீண்டு, அறுந்து, துணைத்துளிகளாகச் சிதறும். சூடேற்றியின் மேல் மைப்பொருள் கருகிப் படியும். பானையில் சோறு அடிப்பிடிப்பது போலத்தான். இதைக் குறிக்கும் 'கோகேஷன்' என்ற தொழில்சொல்லே, கருகுதலைச் சொல்லும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

எனவே எந்த விண்ணப்பம் வந்தாலும் முதல் கேள்வி: இது துளியின் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பார்க்கிறது? விடையை ஒரே வரியில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடியும்வரை அந்த வரி தேவைப்படும்.

படி 2: உரிமைக்கோரலை உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள்

பயிற்சிக்காக நானே ஒரு கோரலை எழுதியிருக்கிறேன்:

"மைத்துளிகளை வெளியேற்றும் பிரிண்ட் ஹெட். அதில் உள்ளவை: (அ) மை நிறைந்த அழுத்த அறை, (ஆ) அந்த அறையோடு இணைந்த நாசில், (இ) அறையின் ஒரு சுவரை வளைக்கும் பீசோ உறுப்பு, (ஈ) அச்சிடாத நேரத்தில், துளி வெளியேறாத அளவுக்குச் சிறிய மின்துடிப்புகளை அந்தப் பீசோ உறுப்புக்கு அனுப்பும் கட்டுப்பாட்டுச் சுற்று, (உ) நாசில் அருகே ஈரப்பதத்தை அளக்கும் உணரி. அந்த அளவுக்கு ஏற்ப, கட்டுப்பாட்டுச் சுற்று மின்துடிப்புகளின் எண்ணிக்கையை மாற்றுகிறது."

தொல்லை எது? நாசில் வாயில் மை காய்வது. (அ), (ஆ), (இ) மூன்றும் பழைய உடல். (ஈ) ஒரு பழக்கம்: மையை வெளியேற்றாமல் லேசாக அசைத்து, காயாமல் வைப்பது. (உ) அந்தப் பழக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு. ஒரு தாளில் ஐந்து வரிசை போட்டு, பக்கத்தில் கட்டங்களைக் காலியாக விடுங்கள். தேடலில் கிடைக்கும் ஒவ்வொரு ஆவணமும் ஒரு நெடுக்கை ஆகும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். "தெளிவான அச்சைத் தருகின்ற பிரிண்ட் ஹெட்" என்று மட்டும் ஒருவர் எழுதினால், அவர் விளைவைக் கேட்கிறார். அதைத் தரும் அமைப்பைச் சொல்லவில்லை. அந்தச் சொற்களுக்குக் கீழே கோடிட்டு வையுங்கள். அறிக்கையில் தெளிவின்மை ஆட்சேபம் எழப்போவது அங்கேதான்.

படி 3: வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள்

காப்புரிமை ஆவணங்களைத் தொழில்நுட்பவாரியாகப் பிரிக்கும் உலக அளவிலான வகைப்பாட்டில் இங்க்ஜெட்டின் வீடு பி41ஜே 2/01. அதற்குள் தொடர் பீச்சு 2/02, அழுத்தத்தால் துளி உண்டாக்குவது 2/045, வெப்பத்தால் உண்டாக்குவது 2/05. நாசிலின் அமைப்பு 2/14, அதைத் தயாரிக்கும் முறை 2/16, அடைப்பைத் தடுப்பதும் சுத்தம் செய்வதும் 2/165, மை வழங்கும் அமைப்பு 2/175. மையின் வேதியியல் தனி வீட்டில், சி09டி 11/30இல் குடியிருக்கிறது.

நம் பயிற்சிக் கோரலுக்கு 2/045, 2/165 இரண்டையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து பயன்படுத்தும் நுண்வகைப்பாட்டில் 2/04596 என்று ஓர் எண் இருக்கிறது. அதன் பொருளே "துளி வெளியேற்றாத மின்துடிப்புகள்". ஒரு கருத்துக்குத் தனி எண்ணே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அந்தக் கருத்து எவ்வளவு உழுத நிலம் என்று பாருங்கள். தேடலைத் தொடங்கும் முன்பே (ஈ) புதிதல்ல என்ற ஐயம் வந்துவிட வேண்டும்.

படி 4: தேடுங்கள்

எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய நான்கு காப்புரிமைத் தேடல் தளங்களும் இலவசம். புதியவர்கள் இடறி விழுவது கருவியில் அல்ல, சொல்லில். "இங்க்ஜெட்" என்ற சொல்லையே பயன்படுத்தாத இங்க்ஜெட் ஆவணங்கள் ஏராளம். ஜப்பானிய நிறுவனங்கள் "திரவம் வெளியேற்றும் தலை", "பதிவுத் தலை" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்களை எழுதுவது வழக்கம். கேனான், எப்சன், ரிக்கோ, பிரதர் என்று இத்துறையின் பெரும் பெயர்கள் பல ஜப்பானைச் சேர்ந்தவை. ஆகவே ஜப்பானிய ஆவணங்களைத் தொடாத தேடலைத் தேடல் என்று நான் ஏற்கமாட்டேன். ஜப்பானுக்கெனத் தனி வகைப்பாடும் உண்டு; 2சி056, 2சி057 ஆகிய தலைப்புகள் இங்க்ஜெட்டுக்கு உரியவை. இயந்திர மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தாலும், படத்தையும் எண்ணையும் சேர்த்து வாசித்தால் போதுமான அளவு விளங்கும்.

பழையதைத் தேடக் கூசாதீர்கள். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற சுவீடன் நாட்டவர், இதயத் துடிப்பின் வரைபடத்தை மைப்பீச்சால் எழுதும் கருவிக்கு 1951இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் பொருத்தும் முதல் பேஸ்மேக்கரை 1958இல் செய்தவரும் அவர்தான். மருத்துவக் கருவிகளின் வகைப்பாட்டில்கூட உங்கள் விடை இருக்கலாம்.

படி 5: தேதியைச் சரிபாருங்கள்

அளவுகோல் முன்னுரிமைத் தேதி, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பம் போட்ட தேதி. காப்புரிமை வழங்கப்பட்ட தேதி அல்ல. வெப்ப முறையில் இயங்கும் கேனானின் 'பபுள் ஜெட்' காப்புரிமைகளில் ஒன்றான அமெரிக்க 4,723,129 வழங்கப்பட்டது 1988இல். ஆனால் அதன் வேர் 1977இல் ஜப்பானில் போட்ட விண்ணப்பத்தில் இருக்கிறது. 1984இல் எச்பி நிறுவனத்தின் திங்க்ஜெட் என்ற வெப்ப முறை அச்சுப்பொறி கடைக்கு வந்துவிட்டதே, அதை வைத்து இதை மறுக்கலாமே என்று ஒருவர் எண்ணினால், அவர் தவறான தேதியில் நிற்கிறார்.

படி 6: புதுமை

விதி எளிது: கோரலின் எல்லா உறுப்புகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. இரண்டு ஆவணங்களை ஒட்டவைத்துப் புதுமையை மறுக்கக் கூடாது.

கேனானில் இச்சிரோ எண்டோ, சூடான பற்றவைப்புக்கோல் மை நிரம்பிய ஊசியில் பட்டு மை தெறித்ததைக் கண்டார் என்ற கதை பிரபலமானது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1965இல், ஸ்பெரி ராண்ட் நிறுவனத்துக்கு 3,179,042 என்ற காப்புரிமை கிடைத்திருந்தது. மையைத் திடீரென ஆவியாக்கி, அந்த அழுத்தத்தால் வெளியேற்றி அச்சிடும் முறை அது. தலைப்பே 'திடீர் நீராவி அச்சுப்பொறி' என்ற பொருள் தருவது. நிறுவனம் அதைப் பின்தொடரவில்லை. ஆனாலும் ஆவணம் ஆவணம்தான். "மையைச் சூடாக்கி, ஆவியால் தள்ளி அச்சிடும் முறை" என்று மட்டும் ஒருவர் 1977இல் கேட்டிருந்தால், அந்தப் பழைய தாள் குறுக்கே நின்றிருக்கும். சூடேற்றி எங்கே இருக்கிறது, மை எந்த வழியாக வருகிறது, குமிழி எப்படிப் பெருகிச் சுருங்குகிறது என்று கோரல் ஆழமாக இறங்கினால்தான் நிற்க இடம் கிடைக்கும். சந்தையில் வெற்றி பெறாத கண்டுபிடிப்பும் முந்தைய அறிவுதான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நம் பயிற்சிக் கோரலில் ஐந்து உறுப்புகளும் ஒரே தாளில் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதுமை இருக்கிறது. அடுத்த படிதான் கடினம்.

படி 7: கண்டுபிடிப்புப் படி

இந்தியச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) கேட்பது இது: இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அது அத்துறை வல்லவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னதை மனத்தில் வையுங்கள். பாத்திரம் கடையும் இயந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. வெறும் பட்டறை அளவிலான மேம்பாட்டுக்குக் காப்புரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

இப்போது நம் கட்டத்தை நிரப்புவோம். சுவரை வளைக்கும் பீசோ அமைப்பு கைசர், சியர்ஸ் இருவரின் 1976ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை 3,946,398இல் இருக்கிறது. ஆக (அ), (ஆ), (இ) போயின. துளி வெளியேற்றாத துடிப்பு நன்கு தெரிந்தது, (ஈ) போயிற்று. ஈரப்பத உணரியை அச்சுப்பொறியில் வைத்துப் பராமரிப்பு வேலையைக் கட்டுப்படுத்தும் ஆவணம் ஒன்று தேடலில் கிடைத்தது என்று கொள்வோம்.

மூன்றையும் சேர்க்க ஒரு வல்லவருக்குக் காரணம் இருந்ததா? கேள்வி அதுதான். மூன்றும் மை காயும் தொல்லையைச் சுற்றியே பேசுகின்றன என்றால் காரணம் இருக்கிறது. காற்று வறண்டால் மை விரைவாகக் காயும், அதனால் அசைவைக் கூட்டு என்பது யாருக்கும் தோன்றும். அதோடு நிறுத்தினால் ஆட்சேபம் வலுவானது.

ஆனால் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரக்குறிப்பை இன்னொரு முறை முழுதாகப் படியுங்கள். நாசில் வாயை அளவுக்கு மீறி அசைத்தால், புது மை மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்தும் நீர் ஆவியாகும். மெல்ல மெல்ல அறையில் உள்ள மையே கெட்டியாகிவிடும். வறண்ட காற்றில் ஒரு எல்லைக்கு மேல் துடிப்பைக் *குறைக்க* வேண்டும் என்று விண்ணப்பதாரர் கண்டறிந்து, சோதனை அளவுகளும் தந்திருக்கிறார் என்றால், கதையே மாறுகிறது. எல்லோரும் கூட்டச் சொல்லும் இடத்தில் அவர் குறைக்கிறார். அது பட்டறை மேம்பாடு அல்ல.

அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சும். நம் கோரலில் "எண்ணிக்கையை மாற்றுகிறது" என்றுதான் இருக்கிறது. கூட்டுவதும் மாற்றுவதுதானே? ஆகவே இப்போதைய வடிவில் கோரலை ஏற்க முடியாது. "குறிப்பிட்ட ஈரப்பதத்துக்குக் கீழே குறைக்கிறது" என்று அவர் சுருக்கினால் ஏற்கலாம். நல்ல பரிசோதகர் இந்த இடத்தைக் கண்டுபிடிப்பவர். மறுப்பதற்காக மட்டும் படிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

படி 8: பிரிவு 3ஐ ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியலிடும் பிரிவு இது. இங்க்ஜெட்டில் அடிக்கடி வருபவை நான்கு. தெரிந்த பொருள்களை வெறுமனே கலந்த மை என்றால் 3(இ). கலவை தன் பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமான விளைவைத் தருகிறதா என்று பாருங்கள். தனித்தனியே இயங்கும் தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தால் 3(எஃப்). தெரிந்த இயந்திரத்தின் வெறும் புதுப்பயன் என்றால் 3(டி). படத்தைப் புள்ளிகளாக மாற்றும் கணக்கு மட்டும் என்றால் 3(கே). கடைசி ஒன்றில் அவசரம் வேண்டாம். கணக்கின் முடிவில் பீசோவுக்குப் போகும் மின்துடிப்பு மாறி, துளியின் நடத்தை உண்மையாகவே மாறுகிறது என்றால், அதை வெறும் கணிப்பொறி நிரல் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

படி 9: அறிக்கை

விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்துக்குப் பின் வெளியிடப்படும். பரிசோதனை தானாக நடக்காது, கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய விதிகளின்படி, அதற்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம் அவகாசம். முதல் பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம்; கேட்டுக்கொண்டால் மேலும் மூன்று மாதம்.

அறிக்கையில் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் கோரல் எண், உறுப்பு, ஆவணம், பத்தி அல்லது பட எண் நான்கையும் எழுதுங்கள். "முதல் ஆவணத்தைப் பார்க்க" என்று பொதுவாக எழுதுவது விண்ணப்பதாரருக்குச் செய்யும் அநீதி. எதற்குப் பதில் சொல்வது என்றே அவருக்குத் தெரியாது. பிரிண்ட் ஹெட், மை, கார்ட்ரிட்ஜ் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டிருந்து, அவற்றை இணைக்கும் ஒற்றைக் கருத்து இல்லையென்றால், அதையும் சொல்லுங்கள். பிரிவு 16இன்கீழ் அவர் பிரித்துத் தாக்கல் செய்யலாம்.

பதில் வரும்போது திருத்திய கோரலை மூல விவரக்குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிரிவு 59 புதுச் சரக்கை நுழைய விடாது. நம் எடுத்துக்காட்டில், "குறைக்கிறது" என்ற சொல்லுக்கு ஆதாரம் முதல் நாள் தாக்கல் செய்த தாளில் இருக்க வேண்டும். இருந்தால், கட்டத்தின் (உ) வரிசையில் அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, மீண்டும் படி 6க்குப் போங்கள்.