கிரீட் தீவில் வீட்டுச் சமையலை ருசிப்பது எப்படி?

கிரேக்க உணவு என்றதும் நினைவுக்கு வரும் சுவ்லாக்கியும் (கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி) மூசாக்காவும் (கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுட்டது) சுற்றுலாப் பகுதிகளில் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்நாட்டு வீடுகளில் அன்றாடம் வேகும் காய்கறியையும் பயறையும் காட்டுக் கீரையையும் உண்ண வேண்டுமானால், சற்று முன்யோசனையும் நிறையப் பொறுமையும் வேண்டும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு முதன்முறை செல்வோருக்காக அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம். ஹனியா, ரெதிம்னோ போன்ற கடற்கரை நகரங்களைப் பார்த்து முடித்ததும், மலைப்பக்கக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பமே நடத்தும் விடுதியில் அறை எடுங்கள். இரவு உணவைச் சமைத்துத் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சைவம் உண்பவர், மீனும் இறைச்சி வேகவைத்த சாறும்கூட வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

அடுத்து நேரம். மதிய உணவு பெரும்பாலும் 2 மணிக்கு மேல்தான். இரவு உணவுக்கு 9 மணி ஆகிவிடும். பிற்பகல் ஊர் ஓய்வெடுக்கும் வேளை என்பதால் அப்போது யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள்.

மூன்றாவதாக, எதைக் கேட்பது? பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய் போன்றவற்றைத் தக்காளியோடு ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைக்கும் 'லாதெரா' வகைகளைக் கேளுங்கள். காலையில் சமைத்து மதியம் வெதுவெதுப்பாகப் பரிமாறுவதே அங்கு வழக்கம். ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள்; எண்ணெயும் சாறும் காயில் ஊறிய பிறகுதான் அதன் ருசி முழுமையாகத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் சென்றால் இறைச்சி, பால், முட்டை இல்லாத உணவுகள் ஏராளமாகக் கிடைக்கும். ஆயினும் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி முதலியவை நோன்பில் விலக்கப்பட்டவை அல்ல என்பதைச் சைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சமையலறைக்குள் அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியது 'தாகோஸ்'. கல் போல் கடினமான பார்லி ரொட்டியின் மேல் சிறிது தண்ணீர் தெளித்து, பழுத்த தக்காளியைத் துருவிச் சாறோடு பரப்பி, உப்பிட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அதன் மேல் மிசித்ரா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியை உதிர்த்து, ஓரிகானோ என்னும் மூலிகையைக் கசக்கித் தூவிச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். அடிப்பகுதி மொறுமொறுப்பாகவும் மேல்பகுதி நன்கு ஊறியும் இருந்தால் பக்குவம் சரி.

விருந்துக்கு அழைக்கப்பட்டால், ஊர் இனிப்புக் கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிச் செல்லுங்கள். தட்டு காலியானால் மீண்டும் நிரப்புவார்கள். நாம் பந்தியில் செய்வதுபோல் விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டிப் "போதும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அங்கே கடும் அவமதிப்பான சைகை. கையை நெஞ்சில் வைத்துப் புன்னகையோடு 'எஃப்காரிஸ்தோ' என்று நன்றி சொன்னால் போதும்.

சாப்பாட்டின் முடிவில் பழமும், திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த ராக்கி என்னும் மதுவும் வரும். மது அருந்தாதவர் பணிவாக மறுத்துவிடலாம், யாரும் வருந்த மாட்டார்கள். காப்பிக் கடையில் யாரேனும் உங்களுக்காகக் காசு கொடுத்துவிட்டால் அதைத் திருப்பித் தர முயலாதீர்கள். மறுநாள் அவர் குடிக்கும் காப்பிக்கு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.