கை ஓடாத நாட்களில் செய்யக்கூடாதவை

எங்கள் ஊர் நகரி. ஆந்திர எல்லைக்குள் இருக்கிறோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். ஊருக்கு அடையாளமே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுகடுதான். பள்ளி நாட்களிலிருந்து அந்த மூக்கை வரைந்துகொண்டிருப்பவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாலு மாதம் அதைக்கூட வரைய முடியவில்லை. பென்சிலை எடுப்பேன், சீவுவேன், மறுபடி சீவுவேன். பென்சில் குட்டையானதுதான் மிச்சம், கை ஓடவில்லை.

அந்த நாலு மாதத்தில் நான் செய்த முதல் தவறு, கடைக்குப் போனது. நல்ல சாமான் இருந்தால் நல்ல படம் வரும் என்று 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதம் வாங்கினேன். அருமையான காகிதம், தண்ணீரை அள்ளி ஊற்றினாலும் அவ்வளவு சீக்கிரம் நெளியாது. ஆனால் ஒரு தாள் என்ன விலை என்று தெரிந்த பிறகு அதில் முதல் கோடு போட யாருக்குத் துணிச்சல் வரும்? கட்டு அப்படியே பீரோவுக்குள் போனது. எனக்குக் கைகொடுத்தது கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். கெட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. வழவழப்பான அட்டையில் வாட்டர்கலர் ஒட்டாமல் திரண்டு நிற்கும், அதற்கு பால்பாயிண்ட் பேனா போதும். சொரசொரப்பான அட்டை கிடைத்தால் லேசாகக் கலரும் போடலாம்.

இரண்டாவது, போன். ‘சும்மா ஒரு ஐடியாவுக்காக’ என்று திறப்போம். அடுத்தவர் முடித்த படம் ஒரு பக்கம், நாம் தொடங்காத படம் ஒரு பக்கம். இந்தப் போட்டியில் தோற்க ஒரு மணி நேரம் தேவையே இல்லை. பார்த்தே ஆக வேண்டுமானால் ஒரே ஒரு படத்தை எடுத்து, போனை மூடிவிட்டு, நினைவிலிருந்து வரைந்து பாருங்கள்.

அப்புறம், ‘புதுசாக ஒன்று தோன்றட்டும்’ என்று காத்திருப்பது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் கிட்டத்தட்ட எழுபது வயதில் ஒரே ஃபூஜி மலையை எடுத்துக்கொண்டு 36 காட்சிகள் என்று தொடங்கினார். போதாமல் இன்னும் 10 சேர்த்து 46 ஆக்கினார். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பேரலைப் படம் அதில் ஒன்று. அதில் மலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அலைக்கு அடியில் சின்னதாக நிற்கும். சரி, நமக்கும் ஒரு மலை இருக்கிறதே என்று, சாயம் தோய்த்த நூல் காயும் மூங்கில் கழிகளுக்கு நடுவிலிருந்து எங்கள் மூக்கைப் பார்த்தேன். முகடு பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியை வரைந்ததும்தான் அன்றைக்குக் கை கொஞ்சம் இளகியது.

ஆனால் பெரிய தவறு இதெல்லாம் இல்லை. மனசு ஓடாத நாளில் கைக்கும் லீவு விட்டுவிடுவதுதான். இது எனக்கு உறைத்தது காளஹஸ்தியில், துணியில் கையால் படம் எழுதும் ஒரு கலம்காரிப் பட்டறைத் திண்ணையில். அங்கே தூரிகை கிடையாது. மூங்கில் குச்சியின் நடுவில் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். விரலால் அதை அழுத்த அழுத்த மை நுனிக்கு இறங்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட கறுப்பு மை அது. கடுக்காயும் பாலும் ஊறிய துணியில் போடும்போது கோடு சோகையாகத்தான் விழுகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரச் சேரக் கண்ணெதிரே கறுக்கிறது.

அன்று ஒரு பெரியவர் அம்மன் முகத்தை விட்டுவிட்டுத் துணியின் கரையில் கொடி போட்டுக்கொண்டிருந்தார். முகம் எப்போது ஐயா என்று கேட்டேன். “இன்னைக்கு முகம் வராதுப்பா. கரை வரும்” என்றார், அவ்வளவுதான். துணியை ஊறவைக்க வேண்டும், காயவைக்க வேண்டும், சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம் தடவ வேண்டும், ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். இத்தனை வேலை இருக்கும் தொழிலில் சும்மா உட்கார்ந்து வெள்ளைத் துணியை முறைக்க ஏது நேரம்?

திரும்பி வந்ததும் எனக்கும் அப்படிக் ‘கரை வேலை’ ஒரு பட்டியல் போட்டேன். தாள் வெட்டுவது, கட்டம் போடுவது, நீலத்தையும் காவியையும் கலந்து ஐந்து படி சாம்பல் நிறம் எடுப்பது. கடிகாரத்தில் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. ஆசை வந்தால்கூட ஒரு மூலையை முடிக்காமல் விட்டுவிடுவேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம் பாருங்கள்.

பாதிப் படத்தை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அத்தை என் மலையைப் பார்த்துவிட்டு “யானையா?” என்றார். ஒரு வாரம் போச்சு.

எல்லாத் தடையையும் கலைத் தடை என்று நினைத்துக்கொள்வதும் தவறுதான். தூக்கம், பசி, பேச்சு எல்லாமே சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டால் பயிற்சி உதவாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம்தான்.

கடைசியாக, கிழித்துப் போடுவது. கோபத்தில் இருக்கும்போது எந்தப் படமும் குப்பையாகத்தான் தெரியும். பின்னால் தேதி போட்டு ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள், அப்புறம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பத்திரிகையில் ஏற்கெனவே ஒரு முகூர்த்தத் தேதி அச்சாகி இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் குழப்பிக்கொண்டேன்.