லெஸ்வோஸ் தீவில் வசந்தகாலப் பறவை நோக்கல்: எந்த வாரம், எந்த இடம், எந்த நேரம்

கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. நடுவிலுள்ள கடல் குறுகலான இடத்தில் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே போகும் பறவைகள் இரவெல்லாம் கடல் மேல் பறந்து விடியும்போது இங்கே இறங்குகின்றன. ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத சில பறவைகள் இதே தீவில் கூடும் கட்டுகின்றன. வலசைப் பறவைகளையும் கூடு கட்டுபவற்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்பதுதான் இத்தீவின் தனிச் சிறப்பு.

ஆனால் தீவு பெரியது; 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். சாலைகள் மலைகளைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பறவையாகத் துரத்தினால் பாதி நாள் காரிலேயே போய்விடும். முந்தைய இரவின் காற்றையும் அந்த நேரத்து வெளிச்சத்தையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

எந்த வாரம்

ஏப்ரல் 20 முதல் மே 5 வரை சிறந்த காலம். ஒரே வாரம்தான் கிடைக்கும் என்றால் ஏப்ரல் 24-ஐ ஒட்டிப் போய் இறங்குங்கள். சினீரியஸ் பண்டிங் என்ற சாம்பல் நிறச் சிறு பறவை ஏப்ரல் நடுவில் வந்து, அந்த வாரத்தில் பாறை மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். பைன் காட்டுச் சிறு பறவையான குரூப்பர் நட்ஹேட்ச் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும். கருந்தலை பண்டிங் வந்து சேரத் தொடங்கியிருக்கும். ஆலிவ் மரக் கதிர்க்குருவியும் செவ்வால் புதர்ராபினும் முக்கியம் என்றால் பயணத்தை மே முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். செங்கால் வல்லூறுகளும் வெள்ளைச்சிறகு ஆலாக்களும் அப்போதுதான் கூட்டமாகக் கடக்கும். அவ்வளவு தாமதித்தால் ரூப்பெல் கதிர்க்குருவியின் பாட்டு குறைந்திருக்கும். எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும் வாரம் என்று ஒன்று கிடையாது.

மே மாதக் கடைசியில் போகிறவர்கள் சோளக்குருவிகளுக்காகக் கண் திறந்து வைத்திருக்கலாம். நம் ஊர் வயல்களில் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக இறங்கும் அதே ரோஜா நிற மைனா, சில ஆண்டுகளில் இத்தீவு வரை வந்துவிடும். பல ஆண்டுகளில் வராது.

தேதி குறிக்கும் முன் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரைப் பாருங்கள். 2027-இல் அது மே 2. அந்த நாட்களில் கப்பலும் விடுதியும் நிரம்பிவிடும், கடைகள் மூடியிருக்கும், இரவில் வெடிச்சத்தம் கேட்கும். மே 1-உம் விடுமுறை நாள்தான்.

போய்ச் சேருவதும் தங்குவதும்

ஏதென்ஸிலிருந்து தீவின் தலைநகரான மிதிலினிக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அதோடு சேரும். கார் இல்லாமல் இந்தத் தீவில் பறவை பார்ப்பது வீண் சிரமம். விடியலுக்கு முன் பேருந்து கிடையாது. கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். கியர் வண்டி என்றால் கியரும் வலக்கையில். முதல் நாள் இருட்டில் மலைச்சாலையில் இறங்க வேண்டாம்.

தங்குவதற்கு ஸ்காலா கல்லோனிஸ். கல்லோனி வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் சின்ன மீனவக் கிராமம். உப்பளம், ஆறு, மெத்தோகி ஏரி எல்லாம் பக்கத்திலேயே. அரிஸ்டாட்டில் உயிரினங்களைக் கூர்ந்து கவனித்து எழுதியது இதே வளைகுடாவின் கரையில்தான். பத்து நாள் இருந்தால் கடைசி இரண்டு இரவுகளை மேற்கு முனையிலுள்ள சிக்ரியில் வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கருவிகள்

8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி) போதும். 10x வைத்திருந்தால் அதையே கொண்டுபோங்கள். புதிதாக வாங்க வேண்டியதில்லை. முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்கோப் கட்டாயம் வேண்டும். உப்பளத்தில் பாத்திகளின் மறு ஓரம் தொலைவில் இருக்கும், உள்ளே நடக்க அனுமதி இல்லை. 65 மி.மீ. ஸ்கோப் விமானப் பயணத்துக்கு வசதி. காற்று பலமாக வீசும் என்பதால் முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் தாழ்வாக நிறுத்துங்கள். நடுத்தண்டைத் தூக்கினால் பிம்பம் நடுங்கும். பையை நடுவில் தொங்கவிட்டால் நிலைக்கும். ஏப்ரல் காலையில் 10 டிகிரி வரை குளிரும், காற்றுப் புகாத மேலுடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் காட்டும் மெர்லின் செயலியில் கிரேக்கம் அடங்கும் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. அது காட்டும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். கண்ணில் படாததைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உப்பளம்: வெயிலுக்கு முன்

கல்லோனி உப்பளம் இன்றும் உப்பு எடுக்கும் இடம். சுற்றுப்பாதையிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். அப்போதே அங்கே இருங்கள். பத்து, பத்தரைக்கெல்லாம் கானல் எழும்பி, ஸ்கோப்பில் எல்லா உள்ளானும் ஒரே நெளிவாகத் தெரியும். பலர் அப்போது உருப்பெருக்கத்தை 60-க்கு ஏற்றுகிறார்கள். அது கானலையும் சேர்த்தே பெருக்கும். 20-25-க்கு இறக்குங்கள், அல்லது இடத்தை விட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி காலையில் கிழக்கு ஓரம், மாலையில் மேற்கு ஓரம்.

காரைவிட்டு இறங்காதீர்கள். இங்குள்ள பறவைகளுக்குக் கார் பழக்கம். கதவு திறந்து மனித உருவம் நிமிர்ந்ததும் முழுக் கூட்டமும் எழுந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் மேல் மடித்த துணியை வைத்து ஸ்கோப்பைத் தாங்கவிடுங்கள்.

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பூநாரை, பவளக்கால் உள்ளான், கோணமூக்கு உள்ளான், கொசு உள்ளான், பேதை உள்ளான் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ஆனால் நாம் அங்கே பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் பார்த்தவை இங்கே இனப்பெருக்கக் கோலத்தில் நிற்கும். கொசு உள்ளான் செம்பழுப்பு. கர்லூ சேண்ட்பைப்பர் செங்கல் நிறம். ஆண் பேதை உள்ளானுக்குக் கழுத்தைச் சுற்றிச் சிலிர்த்த இறகு. நிறத்தை நம்பிப் பெயர் சொன்னால் தடுமாறுவீர்கள். அலகின் நீளம், வளைவு, கால் நிறம் ஆகியவற்றைப் பார்த்தால் உடனே பிடிபடும். மடையானைப் போலவே ஒரு கொக்கும் நிற்கும். அது ஸ்குவாக்கோ ஹெரான். இப்பருவத்தில் மடையானுக்கு முதுகு அடர் அரக்குச் சிவப்பாகும். இதற்கோ முதுகு வெளிர் மஞ்சள் பழுப்புதான்.

பக்கத்திலேயே சிக்னியாஸ் ஆறு. வெயில் ஏறியபின் அதன் கரைப்பாதையில் மெதுவாகக் காரை ஓட்டிப் பார்க்கலாம். சிறு குருகும் கருநாரையும் அங்கே வழக்கம்.

மெத்தோகி ஏரி

சின்ன நீர்நிலை. நாணலோரம் தரையோடு உட்காருங்கள், முக்கால் மணி நேரம் அசையாமல். சிறு கானாங்கோழிகள் சாய்ந்த நாணல் மேல் தாமாகவே வெளியே வந்து நடக்கும். ஆணுக்கு அடிப்பக்கம் நீலச்சாம்பல், அலகின் அடியில் சிவப்புப் பொட்டு. அந்தச் சிவப்பு இல்லாமல், சிறகு நுனி குட்டையாக இருந்தால் பெய்லான் கானாங்கோழியா என்று ஐயப்படுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுந்து போகிறவர்கள்தான் இங்கே கோட்டை விடுகிறார்கள்.

அக்லதேரி பைன் காடு

குரூப்பர் நட்ஹேட்ச் கிரேக்கத்திலேயே லெஸ்வோஸில் மட்டும்தான் உண்டு. உலகில் அதன் பெரும்பகுதி துருக்கியில். மரத்தண்டில் தலைகீழாக இறங்கக்கூடிய சிறு பறவை. நெற்றி கறுப்பு, மார்பில் செம்பழுப்புத் திட்டு. வளைகுடாவின் கிழக்கே அக்லதேரி பைன் காட்டில் காலை எட்டு மணிக்கு முன் நடக்கத் தொடங்குங்கள். பச்சை மரத்தைவிடப் பட்டுப்போய் மக்கிய பைன் அடிமரங்களைத் தேடுங்கள். மென்மையான அந்த மரத்தில்தான் இது பொந்து குடையும், பல சமயம் ஆள் உயரத்துக்கும் கீழே.

கூட்டைக் கண்டால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தாய்ப்பறவை வாயில் இரையோடு பக்கத்துக் கிளையில் தயங்கித் தயங்கிக் கத்தினால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள். நாளெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்கும் கூட்டில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்கவே வேண்டாம். எல்லை காக்கும் ஆண், இல்லாத எதிரியைத் தேடி, இரை தேட வேண்டிய நேரத்தை இழக்கும். கூட்டின் படத்தையோ இடத்தையோ பொதுவில் பகிராதீர்கள்.

பெத்ராவும் இப்ஸிலுவும்

வடக்கே பெத்ராவுக்கும் மொலிவோஸுக்கும் இடையில் கவாகி என்ற கடலோரச் சரிவு. ரூப்பெல் கதிர்க்குருவிக்கு அதுவே இடம்: கறுத்த தொண்டை, வெள்ளை மீசைக்கோடு, சிவந்த கண்வளையம். புதருக்கு மேலே எழும்பிப் பாடிக்கொண்டே மிதந்து இறங்கும். சாலை வளைவானது. வண்டியை ஒதுக்கிடத்தில் முழுக்க உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, தடுப்புக்கு வெளிப்புறமாக நின்று பாருங்கள்.

சினீரியஸ் பண்டிங்குக்கு மேற்கே அந்திஸாவுக்கும் சிக்ரிக்கும் நடுவே, எரிமலைக் குன்றின் மேலிருக்கும் இப்ஸிலு மடாலயம். சாம்பல் உடம்பு, மங்கிய மஞ்சள் தலை. மடாலயத்துக்கு ஏறும் பாதையின் பாறைச்சரிவில் காலையில் தேடுங்கள். முதலில் பாட்டு கேட்கும், பிறகு ஆள் தெரியும். இசபெலின் வீட்டியர் என்ற தரைப்பறவையும் பாறை நட்ஹேட்சும் அதே சரிவில் கிடைக்கும். குன்றின் மேலுள்ள மரங்களில் களைத்த வலசைப் பறவைகள் ஒதுங்கும். சுற்றிலும் மொட்டைப் பாறை என்பதால் அந்தச் சில மரங்களுக்கே எல்லாம் வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கை. இது எல்லைத் தீவு, குன்றுகள் பலவற்றில் ராணுவ அமைப்புகள் உண்டு, இப்ஸிலுவிலும்கூட. அந்தத் திசையில் கேமராவையோ ஸ்கோப்பையோ திருப்பாதீர்கள். கிரேக்கத்தில் இதைக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். 2001-இல் விமானங்களைக் குறிப்பெடுத்த பிரிட்டன், நெதர்லாந்துப் பயணிகள் கலமாட்டாவில் கைதானார்கள்.

சிக்ரி, ஃபனெரோமெனி: காற்று சொல்லும் நாள்

இரவில் வானம் தெளிந்து தென்காற்று வீசினால் பறவைகள் தீவின் மேலேயே கடந்து போய்விடும். வடகாற்று எதிர்த்தாலோ, விடியலுக்கு முன் மழை பெய்தாலோ முதலில் தென்படும் பசுமையில் விழும். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருபவற்றுக்கு அது சிக்ரியை அடுத்த ஃபனெரோமெனியின் அத்தி மரங்களும் ஆற்றோரப் புதர்களும்தான். கல்லோனியிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் விடியலைத் தவறவிட்டுவிடுவீர்கள். சிக்ரியில் தங்கச் சொன்னது இதற்காக. படுக்கும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். எதிர்க்காற்றும் மழையும் தெரிந்தால் மறுநாள் திட்டம் எதுவானாலும் மாற்றிக்கொண்டு ஃபனெரோமெனிக்குப் போங்கள்.

அங்கே நடந்து தேடாதீர்கள். அத்தி மரத்தோடு நிழல் சேரும் மூலையில் நில்லுங்கள். ஈப்பிடிப்பான்கள், கீச்சான்கள், மாங்குயில், கொண்டலாத்தி, பஞ்சுருட்டான் எல்லாம் வேலியோரமாகவே நகர்ந்து வரும். கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான்களில் ஆணைத்தான் நம்பிப் பெயரிடலாம். கழுத்தைச் சுற்றி முழு வெள்ளை வளையம் என்றால் காலர்டு. அரை வளையமும், சிறகின் மேல்பாதியில் கூடுதலாக ஒரு வெள்ளைக் கோடும் இருந்தால் செமி-காலர்டு. வளையமே இல்லையென்றால் பைடு. பெண்களைப் பல சமயம் பெயரிடாமல் விடுவதே நேர்மை.

பறவைகள் கடல் கடந்து எடை இழந்து வந்திருக்கும். புதருக்குள் நுழைந்து எழுப்பினால், இரை தேடிக் கொழுப்பு சேர்க்க வேண்டிய நேரத்தில் பறக்கும் செலவும் சேரும்.

சிக்ரியிலிருந்து எரெஸோஸ் போகும் மெலாடியா மண்பாதை மிக அழகானது. செவ்வால் புதர்ராபினுக்கு மே மாதத்தில் நல்ல இடம். ஆனால் வாடகைக் கார்க் காப்பீடு பெரும்பாலும் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் மண்பாதையில் பொருந்தாது. கையெழுத்திடும் முன் கேளுங்கள். மழைக்குப் பின் ஆற்றைக் கடக்கும் இடங்களில் இறங்கி ஆழம் பார்க்காமல் வண்டியை விடாதீர்கள். வழியில் கம்பி கட்டிய படல்களைத் திறந்தால் அதேபோலக் கட்டிவிட்டுப் போங்கள், ஆடுகள் வெளியேறிவிடும்.

திரும்பும் நாளில் விமானம் மாலையில் என்றால் மிதிலினிக்குப் போகும் வழியில், கேரா வளைகுடாவின் தலைப்பிலுள்ள டிப்பி-லார்ஸோஸ் நாணற்காட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். நாணலுக்குள் ஒலிக்கும் கதிர்க்குருவிகளுக்கு அது போதும்.