ரிப்ளெனிஷ்: முன்னால் நிற்கும் ‘ரி’ செய்யும் குழப்பம்

ரீஃபில், ரீசார்ஜ், ரீபில்ட் என்று பழகிப்போனதால், ‘ரி’யில் தொடங்கும் ஆங்கில வினை எதைப் பார்த்தாலும் ‘மறுபடியும்’ என்று பொருள் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் சரியாகவும் இருக்கும். ரிப்ளெனிஷ் என்ற சொல்லில்தான் அது சறுக்கும்.

இன்றைய வழக்கில், செலவாகிக் குறைந்த இருப்பை மீண்டும் நிறைவாக்குவதே ரிப்ளெனிஷ். ஆனால் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த காலத்தில் அதற்கு ‘முழுக்க நிரப்புவது’ என்ற பொருளும் இருந்தது. ‘நிறைந்த’ என்று பொருள்படும் லத்தீன் ‘பிளேனுஸ்’தான் வேர்; பிளென்டியும் அதே குடும்பம். அந்தப் பொருளில் முன்னால் உள்ள ‘ரி’ வெறும் அழுத்தத்துக்காக வந்தது.

இது தெரியாததால் பெரிய வாதமே கிளம்பியிருக்கிறது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் 1:28இல் மனிதர்களிடம் பூமியை ‘ரிப்ளெனிஷ்’ செய்யச் சொல்கிறார் கடவுள். ‘மறுபடி நிரப்பு என்றால் ஏற்கெனவே ஓர் உலகம் இருந்து அழிந்திருக்க வேண்டுமே’ என்று சிலர் இதை ஆதாரமாகக் காட்டினார்கள். எபிரேய மூலத்தில் இருப்பது வெறும் ‘நிரப்பு’தான். ஆறு வசனங்களுக்கு முன்னால், கடல் உயிர்களைப் பற்றிய 1:22இல் அதே எபிரேய வினை வருகிறது. அங்கே அதே மொழிபெயர்ப்பு ‘ஃபில்’ என்று போட்டிருக்கிறது! பெருவெள்ளத்துக்குப் பிறகு நோவாவிடம் சொல்லும் 9:1இல் மட்டும் ‘மறுபடி’ என்ற பொருள் தற்செயலாகப் பொருந்திவிடுவதால் குழப்பம் இன்னும் கூடியது. தமிழ் பைபிளில் இந்தச் சிக்கலே இல்லை. ‘பூமியை நிரப்பி’ என்று நேராக இருக்கிறது.

சரி, அன்றாடப் பயன்பாட்டுக்கு வருவோம். காலியான தண்ணீர் பாட்டிலுக்கு ரீஃபில் போதும். குறைந்துபோன சரக்கு, சேமிப்பு, உடம்பில் இழந்த உப்புச்சத்து போன்றவற்றுக்கு ரிப்ளெனிஷ் பொருந்தும். உடைந்த நாற்காலிக்குப் பதில் புதிது வாங்குவது ரீப்ளேஸ். அலுவலக மின்னஞ்சல்களில் ரிப்ளெனிஷையும் ரீப்ளேஸையும் மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ‘ரிப்ளெனிஷ் பேக்’ என்று வால் சேர்க்கவும் வேண்டாம். திருப்பி நிறைப்பது இன்றைய பொருளிலேயே அடங்கிவிட்டது. எதைக் கொண்டு நிரப்பினோம் என்று சொல்ல ‘வித்’ போட வேண்டும்.

‘ரி’யை எடுத்துவிட்டால் மிஞ்சும் ‘பிளெனிஷ்’ பிழையான சொல் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான் போடுவதற்கும் பண்ணைக்கு ஆடுமாடு சேர்ப்பதற்கும் அதுதான் வினை. மற்ற இடங்களில் எழுதினால் புருவம் உயரும், அவ்வளவே.

உச்சரிக்கும்போது ‘ரி’ குறில். அழுத்தம் ‘ப்ளெ’யில் விழும். எழுதும்போது ‘எல்’லுக்கு அடுத்து ‘ஐ’ போடுவதுதான் வழக்கமான பிழை. அங்கே வர வேண்டியது பிளென்டியில் வருகிற அதே ‘ஈ’.