அரிசி நூடுல்ஸும் மகளின் வயிற்றுவலியும்

மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய், என்று உறுதியானதும் கோதுமை, மைதா, ரவை எல்லாம் வீட்டை விட்டுப் போயின. அரிசி நூடுல்ஸ் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அதைச் சாப்பிட்ட அன்றெல்லாம் வயிறு உப்பி, வலியில் சுருண்டு படுத்துவிடுவாள்.

ஒருநாள் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கச் சத்து அட்டவணையை வரி வரியாகப் பார்த்தேன். மாவுச்சத்து, புரதம், சோடியம்... குளூட்டன் என்ற சொல்லே இல்லை. அது அங்கே வராது, சேர்மானப் பட்டியலில்தான் தேட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நூடுல்ஸில் அரிசி மாவு மட்டும்தான். மசாலா பொட்டலத்தில்தான் சோயா சாஸ் தூள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'கோதுமை'. கீழே ஒவ்வாமை எச்சரிக்கையிலும் அதே சொல்.

இப்போது மசாலா இல்லாத வெறும் நூடுல்ஸ், அதுவும் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தால்தான் வாங்குகிறேன். இந்திய விதிப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. தாளிப்பு என் கையால். அப்புறம் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பார்த்தேன். அதிலும் மைதா! உடனே மாற்றிவிட்டேன். இரண்டு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி இல்லை.