மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு: எதை உறுதியாக வைப்பது, எதை மாற்றுவது

மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி. அதற்கு வகுப்பு நடத்துபவர் நீங்கள் என்றால், முதலில் அன்றைய வகுப்பின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘உடலில் எழும் உணர்வை மாற்ற முயலாமல் கவனித்தல்’ என்பது போல அது எளிமையாக இருக்கட்டும். வகுப்பில் வேறு எது மாறினாலும் அந்த வாக்கியம் மாறக்கூடாது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கும் உறுதியான வார வரிசை உண்டு. ஆனால் அங்கும் உரையாடல், வந்திருப்பவர்களின் அன்றைய அனுபவத்திலிருந்தே எழுகிறது.

அடுத்து, 60 நிமிட வகுப்புக்கு 45 நிமிடம் மட்டும் திட்டமிடுங்கள்: அமைதியாக அமர 10, முக்கியப் பயிற்சிக்கு 20, உரையாடலுக்கு 15. நேரம் குறைந்தால் பயிற்சியைச் சுருக்கலாம், உரையாடலைச் சுருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. “மனம் அலைந்துகொண்டே இருக்கிறதே, நான் தவறாகச் செய்கிறேனா?” என்ற கேள்வி அங்கேதான் வரும்.

மூன்றாவது படி, சூழலைப் பயிற்சிக்குள் சேர்த்துக்கொள்வது. குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்வதால், தகரக் கூரையின் கீழ் வகுப்பு நடத்துபவரின் குரல் பல நாட்கள் கேட்காமலே போகும். ஒரு ஜூன் மாலையில், நான் எழுதி வைத்திருந்த மூச்சுப் பயிற்சியை மழையோடு போட்டியிட்டு உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். எல்லோர் முகத்திலும் களைப்புத் தெரிந்த பிறகுதான் நிறுத்திவிட்டு, மழையின் ஓசை தடிப்பதையும் மெலிவதையும் கேட்கச் சொன்னேன். மாற்ற முயலாமல் கவனித்தல் என்ற நோக்கம் அப்படியே இருந்தது. ஆனால் கோயில் கொடைத் திருவிழாவின் ஒலிபெருக்கிப் பாட்டை இப்படிப் பயன்படுத்தாதீர்கள். பாடல் வரிகள் புதியவர்களின் மனத்தை இழுத்துச் சென்றுவிடும் என்பதால், தரையில் பதியும் பாதங்களைக் கவனிக்கச் சொல்வதே நல்லது.

விடியுமுன்பே ரப்பர் பால்வெட்டுக்குச் சென்றவர், மாலையில் படுத்தபடி உடலைக் கவனிக்கும் பயிற்சியில் உறங்கிவிடுவார். அவரை நாற்காலியில் அமரவையுங்கள், அல்லது மெதுவாக நடக்கவிடுங்கள். மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறது என்று ஒருவர் சொன்னால், கண்களைத் திறந்து வெளியே பார்க்க அனுமதியுங்கள். பதற்றம் தொடர்ந்தால் தனியே பேசி, மனநல மருத்துவரைக் காணச் சொல்லுங்கள்.

முடிக்கும் நேரத்தை மட்டும் நீட்டாதீர்கள். குலசேகரத்துக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் உள்ளே இருந்தால், அவருடைய கவனம் கடிகாரத்தில்தான் இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘நீண்ட மௌனம் எனக்குச் சங்கடமாக இருந்தது’ என்பதே காரணமாயின், அடுத்த வாரம் அந்தப் பகுதியைத் திட்டத்தில் எழுதி வைத்தபடியே நடத்துங்கள்.